இருநூற்றுப் பதினான்கு குரல்பதிவுகள்

லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது, இருநூற்றுப் பதினான்கு இருந்த இடத்தில் இருநூற்று ஒன்பதுதான் இருந்தது. மஹ்மூதா பீவி மடிக்கணினியில் திரும்பவும் எண்ணினாள். அத்தனையும் அவள் கணவன் சுஹைல் சவுதியிலிருந்து பேசி அனுப்பியவை. போன மாதம் அவன் மவுத்தானபோது அங்கேயே அடக்கிவிட்டார்கள். கடைசியாக முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. பழைய போனும் உடைந்துவிட்டது. ரவுட்டரில் செருகியிருந்த ஹார்டு டிஸ்க்கில் மட்டும்தான் அவன் குரல் மிச்சம். அதுவும் போனால் அவளுக்கு ஒன்றுமே இல்லை.

கேபிள் ஆபீசுக்குப் போன் செய்தாள். மகாராஜா என்பவரை அனுப்புவதாகச் சொன்னார்கள். கணவனை இழந்து இத்தாவில் தனித்திருப்பவள். அந்நிய ஆண் உள்ளே வரக்கூடாது. வெளியே நின்றே சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

கால் மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"அக்கா, நான் இங்கனயே நின்னு சொல்லுதேன். நீங்க செய்யுங்க."

மேலப்பாளையத்து மத்தியான வெயில் சன்னல் கம்பிகளுக்குள் நுழைந்து தரையில் கிடந்தது. பக்கத்து வீட்டிலிருந்து பீடிப் புகையிலை நெடியும், இலை வெட்டும் கத்தரியின் நறுக் நறுக் சத்தமும் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. அவளுக்குத்தான் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

"ரவுட்டர்ல யார் யார் சேர்ந்திருக்காங்கன்னு பாருங்க."

அவளுடைய கணினி. கீழே, பெயரில்லாமல் இன்னொன்று.

பாஸ்வேர்டை மாற்றினாள். பெயரில்லாதது மறைந்தது. ஒரு மூச்சு விடுவதற்குள் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. நூற்று எண்பது பதிவுகள்.

"வைஃபையே அணைச்சிருங்க."

அணைத்தாள். இனி ரவுட்டரோடு சேர்ந்திருப்பது கணினிக்கு வரும் ஒற்றை வயர்தான். அப்போதும் பெயரில்லாதது போகவில்லை. தொண்ணூறு.

"டிஸ்க்கையே பிடுங்கிரட்டுமா தம்பி?"

"வேண்டாம், உள்ள இருக்கது எல்லாம் கெட்டுப் போவும். பைய... பைய."

இரண்டு 'பைய'க்கும் நடுவே ஒரு சின்னச் செருமல். சுஹைல் அப்படித்தான் சொல்வான். நெல்லைச் சீமையில் யார்தான் 'பைய' என்று சொல்லவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அந்தச் செருமல்?

நாற்பது.

கத்தரிச் சத்தம் நின்றிருந்தது.

கையிலிருந்த போன் அடித்தது.

"அக்கா, கேபிள் ஆபீஸ் மகாராஜா பேசுதேன். ஆத்துப் பாலத்துல ஒரே நெரிசல், வண்டி நகர மாட்டேங்கு. பத்து நிமிசத்துல வந்திருதேன்."

கதவைப் பார்த்தாள். அடி இடுக்கில் வெயில் ஒரே கோடாக விழுந்திருந்தது. கால் நிழல் இல்லை.

பாய்ந்து டிஸ்க்கைப் பற்றினாள். ஏழு. மூன்று. பிடுங்கினாள்.

திரையில் கடைசியாக நின்றது பூஜ்ஜியம்.

வெளியே யாரோ செருமினார்கள்.

"ஏளா மஹ்மூதா." சுஹைலின் குரல். பிசிறில்லாமல், முழுசாக. "இப்ப வரலாம்லா? நான் என்ன அந்நிய ஆளா?"

பயமாக இருந்தது. அதைவிட ஆசையாக இருந்தது. வேண்டாம், வேண்டாம் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்க, அவள் கை தாழ்ப்பாளைப் பாதி இழுத்திருந்தது.