பீரோவுக்குள் முழுக் கோடு

"இரும்பு பீரோக்குள்ள ரௌட்டரை வச்சுப் பூட்டினா சிக்னல் எப்படி—"

"அதுல கை வைக்காதேங்கோ. அவ வச்சது—"

"—வெளியில வரும்னு கேக்கறேன், அனந்தம்."

"—அங்கேயே இருக்கட்டும்னு நானும் சொல்லிண்டே இருக்கேன்."

கிருஷ்ணகுமார் பீரோவிலிருந்து கையை எடுத்தார். கரமனை அக்ரஹாரத்து ஓட்டு வீட்டில் இடவப்பாதிப் பருவமழைக்கு ஒழுகாத இடம் அந்த பீரோ ஒன்றுதான் என்று, பின்தகட்டில் ஓட்டை போட்டு வயரை இழுத்து ரௌட்டரை உள்ளே வைத்தவள் மகள் ஆதிரா. பைபாஸில் லாரி மோதி அவள் போய் வருஷம் முடிய மூன்று நாள்தான் இருந்தது. இறந்தவர் துணியை அதற்குள் தானம் கொடுத்துவிட வேண்டும் என்று சாஸ்திரிகள் எத்தனை தடவை சொல்லியும், அனந்தலக்ஷ்மி ஒரு துப்பட்டாவைக்கூட பீரோவிலிருந்து எடுக்க விடவில்லை. நாளைக் காலையில் துணி வாங்க ஆள் வருகிறது. சண்டை அதற்குத்தான். ரௌட்டர் ஒரு சாக்கு.

கேபிள் கம்பெனி அகிலிடம் போனில் கேட்டிருந்தார். வெளியே எடுத்து உயரத்தில் மாட்டச் சொன்னான் அவன். எந்தெந்த போன் இணைந்திருக்கிறது, எதற்கு எத்தனை சிக்னல் கோடு என்று பார்க்கும் வழியையும் சொல்லிக்கொடுத்தான்.

"பூட்டின பீரோ அல்லே சாரே, கூடவே உள்ள இருக்கிற போனுக்குத்தான் முழுக் கோடும் கிட்டும்."

பீரோவில் தோளை ஒட்டி நின்றால் அவர் போனுக்கு ஒரு கோடு வந்தது. பட்டியலில் அதற்கு மேலே ஆதிராவின் போன். முழுக் கோடு.

அந்த போனை அஸ்தியோடு ஆற்றில் விட்டவர் அவர்தான். அதன் உடைந்த கண்ணாடி அன்று அவர் விரலைக் கிழித்திருந்தது.

ஓட்டின் மேல் மழை விடாமல் இரைந்துகொண்டிருக்க, பகல் மூன்று மணிக்கே இருண்டுபோன அந்த அறையில், கதவிடுக்கு வழியே கசிந்த பாச்சை உருண்டை நெடிக்கு அடியில், அன்று காலையில்தான் தலைக்குத் தடவிக்கொண்டது போலப் புதிதாய் ஆதிராவின் தேங்காயெண்ணெய் மணம் வந்தது.

உனக்கு இது தெரியுமா என்று மனைவியைக் கேட்டார். உலை கொதிக்கிறதா என்று கேட்டதற்குச் சொல்வது போல, தெரியுமே என்றாள்.

"கதவைத் திறந்து வச்சா அவ கோடு குறையறது. நாளைக்குத் துணியும் போயிடுத்துன்னா அவ எங்க இருப்பா?"

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. ரௌட்டரை இப்போதே வெளியே மாட்டிவிடுகிறேன் என்று முனகிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஸ்டூல் எடுக்கப் போனார். திரும்ப இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அறையில் அனந்தலக்ஷ்மி இல்லை. கூப்பிட்டார். சமையலறையிலும் இல்லை. தெருக்கதவு தாழிட்டபடி. செருப்பு இடத்தில்.

பீரோவை ஒட்டி நின்று போனைப் பார்த்தார்.

ஆதிரா. முழுக் கோடு.

கீழே, அனந்தலக்ஷ்மி. முழுக் கோடு.

பீரோ மூடியிருந்தது. கைப்பிடி வெளியே மட்டும்தான். உள்ளே இருக்கிறவரால் திருப்ப முடியாது. திருப்பியிருந்தது.

இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை. மழைநாளில் இரும்பு குளிர வேண்டும். குளிரவில்லை. உள்ளங்கையில் உடம்புச் சூடு.

உள்ளே துணி உரசியது. ஒருவர் சற்று நகர்ந்து, இன்னொருவருக்கு இடம் விடுகிற ஓசை.

நெற்றியைக் கதவில் வைத்தார்.

"அம்மாவையாவது எனக்கு விட்டுடு, கொழந்தே."