முட்டம் வளைவில் ஒரு பிணம்

தட்!

காரின் முன்சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது.

ஜெயசிங் பிரேக்கை மிதித்தான். அந்திச் சூரியன் கண்ணைக் கூசவைத்ததில் சாலையே தெரியவில்லை. இறங்கித் திரும்பிப் பார்த்தான்.

சட்டையும் வேட்டியுமாக ஓர் ஆள் குப்புறக் கிடந்தான். அசைவில்லை.

"செத்துட்டான்..."

பக்கத்து சீட்டில் கண்ணயர்ந்திருந்த டிரைவர் சிலுவைதாசன் பதறி எழுந்தான்.

"ஓட்டாண்டாம்னு நான் அப்பமே சொன்னேன் சாரே. கொழும்பு லைசென்சு திருவிதாங்கூர்ல செல்லாது."

கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த ஜெயசிங்குக்குத் திருவிதாங்கூர் அந்நிய நாடு. முட்டம் கடற்கரையைப் பார்க்க நாகர்கோவிலில் டிரைவரோடு காரை வாடகைக்கு எடுத்தவன், பாதி வழியில் வீம்புக்கு ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டான். திங்கள்கிழமை தூத்துக்குடியில் கப்பல்.

கப்பலா... ஜெயிலா?

"நீதான் ஓட்டினேன்னு சொல்லு. உனக்கு லைசென்ஸ் இருக்கு, லேசா விட்டுடுவாங்க. எனக்கு ஜெயில்தான்."

"எனக்க பெஞ்சாதி லீமாவுக்கு இது பேறு மாசம் சாரே..."

அதற்குள் சைக்கிளில் வந்து இறங்கினார் ஏட்டு நாராயணபெருமாள்.

"யாரு வண்டிய ஓட்டினது?"

ஜெயசிங்கின் விரல் சிலுவைதாசனைக் காட்டியது. ஒரு நொடி கூடத் தயங்கவில்லை அந்த விரல்.

சிலுவைதாசன் அவனை ஒரு தடவை பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமா ஏட்டய்யா. நான்தான்."

ஜெயசிங்குக்கு வெட்கத்தில் காது சுட்டது. உண்மையைச் சொல் என்றது மனசு. வாய் திறக்கவில்லை.

ஏட்டு போய்ப் பிணத்தைப் புரட்டினார்.

சட்டைக்குள்ளிருந்து வைக்கோல் கொட்டியது! துணி முகத்தில் கரியால் வரைந்த மீசை... கழுத்தில் ஒரு சுருக்குப் பை...

ஏட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இது உங்க முட்டம் கடப்புறத்து யூதாஸுல்லாலே?"

சிலுவைதாசனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "ஆமா ஏட்டய்யா. நாளைக்கு ஈஸ்டரு. யேசுவக் காட்டிக் கொடுத்தவன இன்னைக்கு எரிப்போம். மாட்டுவண்டியில கொண்டு போகச்சில விழுந்திருக்கும்."

ஜெயசிங்கின் மிஷன் சபையில் பாட்டு உண்டு, பிரசங்கம் உண்டு. யூதாஸை எரிக்கும் வழக்கம் இல்லை.

"நான்தான் ஓட்டினேன்" என்றான் அவன்... ஏட்டின் சைக்கிள் கண்ணுக்கு மறைந்த பிறகு. சொன்னதும் இன்னும் அசிங்கமாக இருந்தது.

சிலுவைதாசன் கார்ச் சாவிக்காகக் கையை நீட்டினான்.

உருவத்தைத் தேடிக்கொண்டு ஊரார் திரண்டு வந்தார்கள்.

"ஏலே சிலுவைதாசா, யூதாஸு நசுங்கிப் போச்சே. இனி யாரலே எரிக்கது?"

சிலுவைதாசன் காரின் பின்கதவை மரியாதையாகத் திறந்து பிடித்தான்.

"உள்ள குனிஞ்சு இருங்க சாரே. தலைய வெளிய நீட்டாதிய... ஆளு தேடுகானுவ."