இருபது அடிக்குள்

புருஷன் பூவனநாதனைப் புதைத்த எட்டாம் நாள். தெருவில் ஒரு காக்காய்கூட வாய் திறக்காத உச்சி வெயிலில், அவர் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசிலிருந்து யாராவது கூப்பிடுவார்களே என்று சார்ஜில் போட்டு வைத்திருந்த அவருடைய செல்போன் கீச்சுக் கீச்சென்று கத்தியது. ராமலட்சுமி எடுத்துப் பார்த்தாள். சர்க்கரை 61. இறங்குகிறது.

மகள் சுதாராணி கயத்தாறில் லேப் வைத்திருப்பவள். அப்பாவின் கைச்சதையில் சர்க்கரை அளக்கிற பொத்தான் ஒன்றை ஒட்டியது அவள்தான். முடி மாதிரி ஒரு கம்பி தோலுக்குள் இருக்கும். அதில் தடவிய நொதி உடம்பு நீரிலுள்ள சர்க்கரையோடு சேர்ந்தால் துளியூண்டு மின்சாரம் பிறக்கும். பொத்தான் அதை அளந்து போனுக்கு எண்ணாக அனுப்பும். எழுபதுக்குக் கீழே இறங்கினால் போன் கத்தும்; உடனே சீனித் தண்ணீர் கொடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. குளிப்பாட்டிய பங்காளிகள் மோதிரத்தையும் அரைஞாணையும் கழற்றினார்கள். பொத்தானைப் புண்ணுக்குப் போட்ட பிளாஸ்திரி என்று நினைத்து, உடம்பை நோகடிக்க வேண்டாமென்று விட்டுவிட்டார்கள்.

ராமலட்சுமி தன் போனில் மகளைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி சுதா, அப்பா போன்ல நம்பர் வருது."

"பழைய நம்பரா இருக்கும்மா. உசுருள்ள ஒடம்புலதான் அது வேலை செய்யும். இருபது அடி தாண்டுனா போனுக்கும் எட்டாது. அப்பாவப் பொதைச்ச நம்ம காடு மூணு மைல் தள்ளில்லா இருக்கு."

54.

அவர் செத்த அன்றைக்கும் இதே சத்தம்தான் கேட்டது. மதியத் தூக்கம் கெடுகிறதே என்ற எரிச்சலில் அவள்தான் அதை அமர்த்திவிட்டுத் திரும்பிப் படுத்தாள். எழுந்தபோது அவர் குளிர்ந்துபோயிருந்தார். இதை யாரிடமும் சொல்லவில்லை. கொன்றவள் நான்தான் என்று மனசு தினமும் அறுத்துக்கொண்டிருந்தது.

போனோடு வாசலுக்குப் போனாள். தொடர்பு அறுந்தது. அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. திரும்பி அடுப்படிக்கு வந்ததும் எண் வந்தது. 47. மழை பெய்து நாலு மாதமான ஊரில், பக்கத்துச் சாமான் அறையிலிருந்து நனைந்த கரிசல் மண் வாடை அடித்தது. கூடவே, யாரோ மூச்சைப் பிடித்துப் பிடித்து விடுகிற சத்தம்.

41.

ஓடிவிடலாம். இன்னொரு தடவையும் விட்டுவிட்டா?

கை தானாகச் சீனியை அள்ளித் தண்ணீரில் கலக்கியது. கதவைக் காலால் தள்ளினாள். இருட்டு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு டம்ளரை நீட்டினாள்.

"குடிச்சிருங்க," என்றாள். "அன்னைக்கு நான்தான் அதை அமத்துனேன்."

மூச்சுச் சத்தம் நின்றது.

விளிம்பில் ஏதோ வந்து அழுந்தியது. டம்ளர் கனம் குறைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக.

காலியான பிறகும் அது விளிம்பை விடவில்லை.