ஒரே வள்ளத்தில் நாலு பேர்

துபாய் மாமா கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய விளையாட்டுப் பெட்டி லேசுப்பட்டதல்ல. மற்ற விளையாட்டுகளைப் போல ஒருவரை ஒருவர் தோற்கடிக்க வேண்டியதில்லை. எல்லோரும் சேர்ந்து புயலைத் தோற்கடிக்க வேண்டும்.

அட்டையில் ஒரு கடல், ஒரு படகு, பின்னால் துரத்தி வரும் கறுப்புப் புயல். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் இருக்கும். அந்தப் படமுள்ள சீட்டை யாராவது போட்டால் படகு நகரும். போடாவிட்டால் புயல் நகரும். புயல் பிடிக்குமுன் படகு துறைமுகம் சேர வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? கடியப்பட்டணத்தில் பெமிலாவின் வீட்டில் இரண்டு நாட்களில் ஐந்து முறை ஆடினார்கள். ஐந்து முறையும் படகு முழுகியது. கூடவே சண்டை வேறு. ஆறு வயதுத் தம்பி பெனின் சீட்டுகளை வீசிவிட்டு அழுவான். அப்பாவும் அம்மாவும் "உன்னாலதான்", "உங்களாலதான்" என்று முறைத்துக்கொள்வார்கள்.

"இதுதான் கடைசி. இனியும் சண்டை வந்தா, பெட்டிய மண்டைக்காட்டுல உங்க சித்தி மக ஸ்மிதாவுக்குக் குடுத்திருவேன்," என்றார் அம்மா குளோரி. அம்மா சொன்னால் சொன்னதுதான்.

பெமிலா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்பா யேசுரத்தினம் மற்ற நாட்களில் கடலில் இருப்பார், கரைக்கு வந்தால் தூங்குவார். இப்போது கிறிஸ்துமஸ் என்பதால் புத்தாண்டு வரை மீன்பிடி வள்ளம் கடலுக்குப் போகாது. அவரோடு உட்கார்ந்து விளையாட அவளுக்கு வாய்த்தது இந்த ஒரு வாரம்தான்.

ஆறாவது ஆட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் காற்றின் படம்.

"காத்துச் சீட்டு யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டாள் பெமிலா.

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல மக்கா," என்றார் அப்பா.

பெமிலா எட்டிப் பார்த்தாள். அப்பாவின் கையில் காற்றுச் சீட்டு ஒன்றல்ல, இரண்டு இருந்தன.

"அப்பா, இது என்ன?"

அப்பா அசடு வழிந்தார். "பழக்கம் மக்கா. பக்கத்து வள்ளத்துக்காரன் வயர்லெஸ்ல மீன் கிடக்கான்னு கேட்டா, ஒண்ணும் இல்லன்னுதான் வாயில வரும்."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிக்காதீங்கம்மா. உங்க சீட்டையும் காட்டுங்க."

பார்த்தால், நல்ல சீட்டுகள் எல்லாம் அடியில் கிடந்தன. சந்தையில் மீன் விற்கும்போது நல்ல மீனை முதலிலேயே எடுத்துக் காட்டுகிற ஆளா அம்மா?

"கடைசில எடுக்கலாம்னு வச்சிருந்தேன்," என்றார் அம்மா.

"கடைசி வாறதுக்குள்ள நாம முழுகிப் போறோமே!"

பெமிலா கொஞ்சம் யோசித்தாள். "அப்பா, உங்க வள்ளத்துல எத்தன பேரு போவீங்க?"

"நாலு பேரு."

"அவங்ககிட்டயும் ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுவீங்களா?"

"அது எப்படி? ஒரே வள்ளத்துல இருக்கவன்கிட்ட என்னத்த மறைக்க?"

"நாமளும் நாலு பேரு. அட்டைல ஒரே ஒரு வள்ளம்தான் இருக்கு."

அப்பா குனிந்து அட்டையைப் பார்த்தார்.

"நாலு பக்கமும் நாலு வள்ளம் மாதிரி உக்காந்திருக்கோம். எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க," என்றாள் பெமிலா.

நால்வரும் ஒரே பக்கமாக நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சீட்டுகளைத் தரையில் விரித்து வைத்தார்கள். காற்று, துடுப்பு, நங்கூரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக விழ, படகு பாய்ந்து ஓடியது. ஆனாலும் நடுவில் சில சீட்டுகள் கிடைக்காமல் புயல் நெருங்கிவிட்டது.

கடைசிக் கட்டம். கலங்கரை விளக்கின் படம். புயல் ஒரே ஒரு கட்டம் பின்னால் நின்றது.

விரித்த சீட்டுகளில் கலங்கரை விளக்கு இல்லை. அப்பா உதட்டைப் பிதுக்கினார். பெனின் மட்டும் தன் கால்சட்டைப் பையைப் பொத்திக்கொண்டான்.

"ஏலே, பையில என்ன?" என்று அம்மா குரலை உயர்த்தினார்.

பெனினின் உதடு துடித்தது. பெமிலா அம்மாவின் கையைப் பிடித்துத் தடுத்தாள். அவன் காதோடு, "அந்தப் படம் உனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

"ஜெயிச்ச பிறகு அது உன் தலையணைக்கு அடியில தூங்கட்டும். ஆட்டத்துக்கு மட்டும் கடன் தருவியா?"

பெனின் கசங்கிய சீட்டை எடுத்தான். உள்ளங்கையால் நீவினான். தானே அட்டையில் வைத்தான். படகு துறைமுகத்துக்குள் நுழைந்தது.

அப்பா போட்ட சத்தத்தில் தெருநாய் குரைத்தது. பெமிலாவையும் பெனினையும் ஒன்றாகத் தூக்கிச் சுற்றினார்.

"அப்ப யாருதான் தோத்தா?" என்று மேலிருந்து கேட்டான் பெனின்.

"புயல்தான் தோத்துச்சு," என்றாள் பெமிலா.

"அது அழட்டும்," என்றான் அவன்.

அம்மா அதற்குள் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்தார்.