தின்னிகளுக்கு விடுமுறை

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் எண்ணெய் ஆலையின் தின்னிக்கலன் பாதி செத்துக் கிடந்தது. ஷிப்டு பொறுப்பாளர் பெர்பெத்துவுக்கு உட்கார்ந்து அழக்கூடத் தெம்பில்லை.

தூத்துக்குடியே இப்போது பாசியிலிருந்து வடித்த செயற்கைக் கச்சா எண்ணெயில்தான் ஓடுகிறது. அதில் நைட்ரஜன் அசுத்தம் அதிகம். அப்படியே எரித்தால் புகை நெஞ்சை அடைக்கும். எண்ணெயை விட்டுவிட்டு நைட்ரஜனை மட்டும் தின்னும், அந்தக் கலனில் வளரும் நுண்ணுயிர்கள்தான் தின்னிகள். அவை வந்த பிறகுதான் அவள் கணவர் சூசை இளைப்பில்லாமல் தூங்குகிறார். அதற்காகவே இரட்டை ஷிப்டும் பார்த்து இடுப்பொடிந்து போயிருந்தாள்.

"கலனுக்கு எண்ணெ ஊத்துற பம்பை யாருல நிறுத்துனது?"

ஆபரேட்டர் இசக்கிராஜ் தலையைச் சொறிந்தான். "பூஜைக்கு எல்லா மெஷினையும் நிறுத்துறதுதானக்கா வழக்கம்? கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, ஒரு நா ரெஸ்ட் குடுத்தோம்."

"கூறுகெட்டவனே! அது உசிருள்ளதுல்லா? ரெஸ்டா கேட்டுச்சு? சோறுல்லா கேட்டுச்சு!"

பட்டினியில் துவண்டவற்றுக்கு உடனே கச்சா எண்ணெயைக் கொடுத்தால் மிச்சமும் சாகும். முதலில் யூரியாக் கரைசல் கொடுத்துத் தேற்ற வேண்டும். கிடங்கிலோ யூரியா இல்லை.

"டவுன் பஸ் டிப்போல டேங்க் டேங்கா கெடக்கேக்கா," என்றான் இசக்கிராஜ். "பொகைக்கொழாய்ல தெளிக்கிற யூரியாத் தண்ணி."

பெர்பெத்து தயங்கினாள். எரிபொருள் எத்தனை சுத்தமானாலும் எஞ்சின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் எரிந்து நஞ்சாகும். அதை முறிக்கத்தான் அந்தத் தண்ணீர். ஆனால் கலன் செத்தால் புதிய தின்னிகள் வளர மாதக்கணக்காகும். அதுவரை அசுத்த எண்ணெய்தான், சூசைக்கு இளைப்புதான். யோசிக்கவே அலுப்பாக இருந்தது.

"எடுத்துட்டு வா, போ."

தின்னிகள் தேறின. தேறியவை, அடப்பாவிகளா, யூரியா ருசி கண்டுவிட்டன! விடிந்ததும் அது வயிற்றில் விழுந்தால்தான் அசுத்தத்தைத் தொட்டன. டிப்போவின் யூரியா முழுவதும் தினமும் ஆலைக்கே வந்தது. யூரியா இல்லாவிட்டால் வண்டியை ஓடவிடாத உணர்வியைக் கழற்றிவிட்டு, டிப்போக்காரர்கள் பஸ்களை அப்படியே ஓட்டினார்கள். எண்ணெயில் நைட்ரஜன் துளியும் இல்லை என்று ஆய்வகம் பாராட்டியது.

பாராட்டைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். சூசை கட்டிலில் குந்தி, வாயைப் பிளந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். தெருவில் டவுன் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது.

"எண்ணெ... சுத்தமாயிருச்சுன்னியே, புள்ள?"

"சுத்தமாத்தாங்க இருக்கு," என்று சொல்லிக்கொண்டே பெர்பெத்து சன்னலை இழுத்துச் சாத்தினாள்.