பதிவு நடக்கிறது, கதவைத் திறக்காதீர்கள்

நாற்பத்தோராவது விநாடியில் யாரோ தட்டினார்கள். மெதுவாக, இரண்டே தட்டு. ஃபர்சானா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வாசலை எட்டிப் பார்த்தாள். சிங்கப்பூர் செங்காங் அடுக்குமாடியின் பன்னிரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் வெயிலைத் தவிர ஒருவரும் இல்லை. மறுபடி மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தாள். முப்பத்தொன்பது, நாற்பது. டக், டக். சத்தம் வாசலில் இல்லை, கோப்புக்குள் இருந்தது.

நேற்றுவரை அந்தக் கோப்பில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாமல் இருப்பதுதான் அதன் வேலையே. படம் எடுக்கிறவர்கள் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல், அசையாமல் நின்று, அந்த அறையின் வெறும் அமைதியைப் பதிவு செய்துகொள்வார்கள். ரூம் டோன் என்று பெயர். வசனத்துக்கு நடுவே அதைப் போட்டு ஒட்டாவிட்டால் கேட்பவர் காதில் பள்ளம் விழும். திரைப்படப் பாட ஆசிரியர் சுரேந்தருக்கு அந்தப் பள்ளம் கொஞ்சமும் ஆகாது.

"அந்தப் பொண்ணு மூச்சுக்குத் தவிக்கிற சத்தம் இருக்கே, எனக்குச் சிலிர்த்துப் போச்சும்மா," என்று காலையில்தான் போனில் சொன்னார். "எப்படிப் பிடிச்சே? ஆனா நடுவுல சைலன்ஸ்தான் ஓட்டையா இருக்கு. அதைச் சரிபண்ணிட்டு ஆறு மணிக்குள்ள சப்மிட் பண்ணிடு லா."

"சரி சார்," என்றாள். உடனே போனை வைத்தாள்.

எட்டு நிமிடப் படம். சிராங்கூன் சாலையில் ஒரு கடையின் பின்னறையில் மாட்டிக்கொள்ளும் பெண்ணின் கதை. நடித்தவளும் குரல் கொடுத்தவளும் ஒருத்தியே: உடன் படித்த வர்ஷா. லிட்டில் இந்தியாவில் படம் பிடிக்கலாம், சத்தம் பிடிக்க முடியாது. பஸ், பாட்டு, கோயில் மணி எல்லாம் வந்து விழும். அதனால் குரலை மட்டும் மார்ச் மாதம் ஃபர்சானா வீட்டு பாம் ஷெல்டரில், குண்டு விழுந்தால் பதுங்க வீட்டோடு கட்டிய சாமான் அறையில், பதிவு செய்தார்கள். கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. உலகத்தில் அதைவிட அமைதியான இடம் கிடையாது. காற்று வரும் துளைகளையும் ஃபர்சானாவே துண்டு வைத்து அடைத்தாள். உள்பக்கப் பிடி உடைந்து கிடந்தது. வர்ஷாவின் இன்ஹேலர் வெளியே சோபாவில், அவள் பைக்குள் இருந்தது.

முதல் இரண்டு தட்டும் அன்று மரியாதையாகத்தான் வந்தன.

"ஃபர்சானா, மூச்சு முட்டுது. திற."

"நல்லா வருது வர்ஷா! இன்னும் ஒரு நிமிஷம் லா!"

நான்கு நிமிடம் விட்டாள். தட்டல் நிற்கும்வரை விட்டாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், கூப்பிடாமல் இல்லை. அதற்கு முன் கோப்பைக் காப்பி எடுத்துக்கொண்டாள். கேட்டவர்களிடம், டீ வாங்கக் கீழே போயிருந்தேன் என்றாள். எல்லோரும் நம்பினார்கள். வர்ஷாவின் அம்மா இவளைக் கட்டிக்கொண்டு அழுதார். இப்போது படத்தின் கடைசியில் வெள்ளை எழுத்தில் 'வர்ஷாவுக்கு' என்று வருகிறது. அதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்று அவளே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வேறொரு கோப்பைத் திறந்தாள். அதிலும் நாற்பத்தொன்றில் டக், டக். பள்ளி நூலகத்தில் எடுத்த அமைதியிலும் இருந்தது. தேக்கா மேம்பாலத்தில் எடுத்ததிலும் இருந்தது. பயத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. மணி நாலு. புதிதாக எடுத்தால் போகிறது.

ஷெல்டர் கதவைத் திறந்தபோது அரிசி வாசனையும் பழைய பெட்டிகளின் வாசனையும் வந்தன. அடியில் மெலிதாக வர்ஷாவின் தலை எண்ணெய் வாசனை. வர்ஷா இறந்த வாரமே வாப்பா உள்ளே புதுப் பிடி போட்டிருந்தார். திருகிப் பார்த்தாள், நன்றாக இருந்தது. ரெக்கார்டரை அரிசி டின்மேல் வைத்து, விளக்கை எரியவிட்டுக் கதவைச் சாத்தி, பழக்கதோஷத்தில் அட்டையையும் மாட்டினாள்: 'பதிவு நடக்கிறது, கதவைத் திறக்காதீர்கள்.' அந்த அட்டை தொங்கினால் உம்மா மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவார். மகள் படிப்பென்றால் அவருக்கு உயிர்.

வெளியே நின்று வயரில்லா ஹெட்ஃபோனில் கேட்டாள். சுத்தமான அமைதி. தூரத்தில் எல்ஆர்டி ரயில் போனதுகூட விழவில்லை. பத்து விநாடி. முப்பது. நாற்பது.

டக், டக்.

கதவைப் பிடுங்கித் திறந்தாள். யாருமில்லை. அரிசி டின்மேல் ரெக்கார்டரும் இல்லை. அது கடைசிச் சுவரோரம் தரையில் நின்றது. வர்ஷாவைத் தூக்கிய இடத்தில். சிவப்பு விளக்கு எரிந்தது.

நான்கே எட்டு தூரம். போனாள். குனிந்தாள். எடுத்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. வேகமாக இல்லை. பதிவு கெடாமல் சாத்துகிறவர்கள் சாத்துவதுபோல.

பாய்ந்து பிடியைத் திருகினாள். புதுப் பிடி கையோடு வந்தது.

தட்டினாள். கத்தினாள். இரண்டு கையாலும் குத்தினாள். இரும்பு அதிர்ந்தது, சத்தம் எழவில்லை. ரெக்கார்டரில் ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோடு அசையாமல் படுத்திருந்தது. தொண்டை கிழியக் கத்தியும் படுத்தே இருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றப் பார்த்தாள். கழலவில்லை.

அதில் வெளிவாசல் திறக்கும் சத்தம் கேட்டது. தெளிவாக. சாவி. செருப்பைக் கழற்றும் சத்தம். உம்மா.

"ஃபர்சானா? எங்கம்மா இருக்கே? நாசி லெமாக் வாங்கிட்டு வந்திருக்கேன்."

"உம்மா! இங்கே! உம்மா!"

காலடிகள் நெருங்கின. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றன. ஒரு விரற்கடை இரும்பு. அவ்வளவுதான்.

"ஓ, ரெக்கார்டிங்கா," என்றார் உம்மா தனக்குள், குரலைத் தாழ்த்தி. "பாவம், புள்ள சாப்பிடக்கூட இல்ல."

மின்விசிறி நின்றது. காலடிகள் நுனிக்காலில் விலகிப் போயின. படுக்கையறைக் கதவை, சத்தமே வராமல், உம்மா மூடிக்கொண்டார்.

காற்றுத் துளைகளைத் தேடினாள். அடைத்திருந்தது. அவளுடைய துண்டு. அவள் அடைத்த மாதிரியே. நெஞ்சு இறுகியது. அவளுக்கு ஆஸ்துமா கிடையாது. இருந்தும் இழுத்தது.

ரெக்கார்டரில் விநாடிகள் ஓடின. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. பிறகு பூஜ்யம். மறுபடி ஒன்று.

பச்சைக் கோடு முதல்முறையாக மெல்ல எழுந்தது. அவள் கத்தலுக்கு இல்லை. காதோரம், ஹெட்ஃபோனுக்குள், யாரோ நிதானமாக, ஆசை தீர மூச்சை இழுத்து விட்டார்கள்.

"நல்லா வருது ஃபர்சானா. இன்னும் ஒரு நிமிஷம் லா."