உம் கொட்ட ஆளில்லாத பாட்டு

பழைய கேசட்டுகளில் இருக்கும் நாட்டுப்பாடல்களைக் கணினியில் ஏற்றி, இரைச்சலை நீக்கிக் கொடுப்பது என் வேலை. குரலுக்கு இஸ்திரி போடுகிறவன் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். ஜன்னலில்லாத அறை, சுவர் முழுக்கப் பஞ்சு. இங்கே தும்மினால்கூடச் சத்தம் மூக்கோடு நின்றுவிடும்.

அன்று மதியம், கேசட் கொடுத்துவிட்டுப் போயிருந்த ஒரு பெண் தன் அம்மாவின் பாட்டைக் கேட்க வந்தாள். அவர்கள் குடும்பத்தில் இறந்தவர்களை மட்டுமே பாடும் பாட்டு அது. யார் எங்கே பிறந்தார், எப்படிப் போனார் என்று வம்சக் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. பாடத் தெரிந்த கடைசி ஆளான அம்மாவும் போய்விட்டார். மிஞ்சிய ஒரே கேசட்டின் நாடாவோ நான் ஒருமுறை ஓட்டியதுமே உதிர்ந்துவிட்டது. இனி என் பிரதியை விட்டால் வேறில்லை.

ஓட்டினேன். அம்மாவின் குரல் சுத்தமாக எழுந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டு அடி பாடியதும் நின்றது.

நின்றது நின்றதுதான். திரையில் கோடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“நடுவுல ஒரு சின்னப் பொண்ணு உம் கொட்டுமே, எங்க சார்?”

“இடைஞ்சலா இருந்துச்சும்மா. வெட்டிட்டேன்.”

“அது நான்தான். ரெண்டு அடிக்கு ஒரு உம் கொட்டணும். இல்லன்னா அம்மா மேற்கொண்டு பாட மாட்டாங்க.”

“மெஷினுக்கு அதெல்லாம் தெரியுமா?” என்று சிரித்தேன். “சரி, உம்.”

அம்மா பாடினார்.

என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவள் கண்ணீரோடு கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாட்டில் ஒவ்வொருவராக வந்தார்கள்: பெரியப்பா, கிணற்றில் விழுந்த அத்தை, கடைசியாகத் தாத்தா. நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன்.

திரையில் பதிவு முடிந்தது.

குரல் முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பாடியது. மூக்கில் குழாய், அடங்காத தாகம், தண்ணீர் எடுக்கப் போன மகள். அறைக்குள் மருந்து நெடி ஏறியது.

“இது அம்மாவோட சாவு,” என்று கிசுகிசுத்தாள்.

பயத்தில் முனகிவிட்டேன். அது உம் என்றே கேட்டது.

‘செருப்பறுந்து வெறுங்காலோடு வந்தவளாம், பெத்தவ குரலைப் பூட்டின அறையில கேட்டவளாம்...’

அவள் பாதங்களைப் பார்த்தேன். வெறுங்கால்.

ஒயரைப் பிடுங்கினேன். ஸ்பீக்கர் விளக்கு அணைந்தது. ஆனாலும் யாரோ மூச்சைப் பிடித்துக் காத்திருப்பது தெரிந்தது.

“உம் கொட்டாதீங்கம்மா! செத்தவங்களத்தானே இதுல பாடுவாங்க?” அவள் வாயைப் பொத்தப் போனேன்.

என் கையை மெல்ல விலக்கினாள். அவள் முகத்தில் பயமே இல்லை.

“அன்னிக்கு நான் தண்ணியோட வர்றதுக்குள்ள போயிட்டாங்க சார். இன்னொரு தடவ காக்க வைக்கச் சொல்றீங்களா?”

ஸ்பீக்கர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“உம்,” என்றாள்.

அம்மா அடுத்த அடியைத் தொடங்கினார்.